ஒரே வீட்டுக்கு மூன்று விதமான செய்தி: கட்சிகளுக்கு நம்மை எப்படித் தெரிகிறது?

கேள்வி: நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கிறேன். ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். தேர்தல் சமயத்தில் ஒரே வேட்பாளரின் பெயரில் எங்கள் வீட்டுக்கு மூன்று வாட்ஸ்அப் செய்திகள் வந்தன. எனக்குப் பசுந்தேயிலை விலை பற்றி, மனைவிக்குப் பெண்களின் இலவசப் பஸ் பயணம் பற்றி, கோவையில் இருக்கும் மகனுக்கு வேலைவாய்ப்பு பற்றி. எங்கள் விவரங்களைக் கொடுத்தது யார்? நாங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதும் அவர்களுக்குத் தெரியுமா?

பதில்: கடைசிக் கேள்விதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா இல்லையா என்பது தெரியும். வாக்குச்சாவடிக்குள் உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் குறித்துக்கொண்டே வருவார்கள். உங்கள் ஹட்டி யாருக்குப் போட்டது என்பதும் தெரியும்.

வாக்குச்சீட்டுக் காலத்தில், எண்ணுவதற்கு முன் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்துவிட விதியில் இடம் இருந்தது. இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடியும் தனியாக எண்ணப்படுகிறது. அந்த எண்ணிக்கை படிவம் 20 என்ற பெயரில் வெளியாகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்தச் சாவடி யாருக்குப் போட்டது என்று தெரியாதபடி பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்துக் கூட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. சட்ட ஆணையமும் 2015-ல் பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. மலைவாசிகளுக்காகவாவது அது வந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் மலைவாசிகளுக்கு என்றால், நகரத்துச் சாவடி ஒன்றில் 1,000 பேருக்கு மேல் இருக்கலாம். பல தெரு, பல தொழில், பல சாதி கலந்திருக்கும். வாக்காளர் வெகுதூரம் நடக்கக் கூடாது என்பதற்காக மலையில் சிறிய ஊர்களுக்கும் சாவடி அமைக்கிறார்கள். அதனால் ஒரு சாவடி என்பது பல இடங்களில் ஒரு ஹட்டியும் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளும்தான். சமவெளியில் கட்சிகள் மெனக்கெட்டுப் பிரிக்க வேண்டியதை இங்கே நிலமே பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

வாக்காளர் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 30 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண். சாதி கிடையாது, மொழி கிடையாது, தொழில் கிடையாது, தொலைபேசி எண்ணும் கிடையாது. ஆனால் ஜோகி, போஜன், பெள்ளி என்று பெயர்கள் வரிசையாக வந்தால் அது படுகர் ஊர் என்று நீலகிரியில் யாருக்குத்தான் தெரியாது? அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு இந்தப் பட்டியலை ஆணையமே இலவசமாகக் கொடுக்கிறது. திருட்டு எதுவும் தேவையில்லை.

மீதியை நிரப்புபவர் உள்ளூர்க்காரர். ஒரு பூத் கமிட்டிக்காரரின் பிரதியைப் பார்த்திருக்கிறேன். நம்மவர், எதிரணி, மதில்மேல் பூனை என்று மூன்று நிறத்தில் பேனாக் குறிகள். சில பெயர்களுக்கு எதிரே ‘கோவை’, ‘திருப்பூர்’ என்று எழுதி, பக்கத்தில் கைபேசி எண். உங்கள் மகனும் அப்படி ஒரு பட்டியலில் இருக்கக்கூடும். எண்கள் பெரும்பாலும் உறுப்பினர் சேர்க்கை, ‘மிஸ்டு கால்’ இயக்கம், மருத்துவ முகாம் படிவம், ஊர் வாட்ஸ்அப் குழு போன்ற வழிகளில்தான் சேர்கின்றன.

பிறகு செய்தியைப் பிரிப்பது சுலபம். கோத்தகிரி, குந்தா பக்கம் பசுந்தேயிலை விலை. கூடலூர், பந்தலூரில் நிலப் பட்டாவும் யானைத் தொல்லையும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் வாழும் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளில் வீடு. ஊட்டியின் சுற்றுலா ஓட்டுநர்களிடம், வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ். வயதும் பாலினமும் பட்டியலிலேயே இருப்பதால் உங்கள் வீட்டுக்குள்ளும் மூன்றாகப் பிரிக்க முடிந்தது.

ஃபேஸ்புக், யூடியூப் விளம்பரம் இதற்கு அடுத்த அடுக்கு. தேர்தல் விளம்பரங்களை வயது, பாலினம், அஞ்சல் குறியீடு அளவிலான இடம் ஆகியவற்றைக் கொண்டு மட்டுமே குறிவைக்கலாம் என்று கூகுள் 2020 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. மதம், அரசியல் சார்பு போன்ற பிரிவுகளை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2022-ல் நீக்கியது. ஆனால் கட்சி தன்னிடமுள்ள எண்களைப் பதிவேற்றி அந்த ஆட்களையே தேடிப் பிடிக்கும் வசதி மெட்டாவில் உண்டு. விளம்பரத்தின் மூன்று புள்ளிகளை அழுத்தி ‘இந்த விளம்பரம் ஏன்’ என்று கேட்டால் காரணம் ஓரளவு தெரியும்.

இடமும் வயதும் பார்த்துப் பேசுவது குற்றமில்லை. சாதி, மதம், மொழியைச் சொல்லி வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்படி முறைகேடு. அப்படிச் செய்தி வந்தால் அழிக்காதீர்கள். திரைப்பதிவு எடுத்து வைத்துக்கொண்டு, தேர்தல் காலத்தில் 1950 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

மூன்று கைபேசிகளையும் ஒரே மேசையில் வைத்து, செய்திகளை ஒன்றாக வாசியுங்கள். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குச் சொன்னதோடு முரண்படுகிறதா என்று பாருங்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் வாசலிலேயே அதைக் கேளுங்கள். பதில் சொல்லும் கடமை அவருக்கு இருக்கிறது.

‘வெற்றி பெற்றால் இந்தத் திட்டம், இப்போதே பதிவு செய்யுங்கள்’ என்று யாராவது படிவம் நீட்டினால் மட்டும் கதவைச் சாத்திவிடுங்கள். இதை நிறுத்தும்படி 2024 மே மாதம் தேர்தல் ஆணையமே கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. ஆதார் எண், அடையாள அட்டைப் படம், கைபேசிக்கு வரும் ஓடிபி எதையும் கொடுக்க வேண்டாம். உங்கள் மனைவியிடமும் இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள். இத்தகைய படிவங்களோடு வருபவர்கள், நீங்கள் தோட்டத்தில் இருக்கும் பகல் நேரத்திலும் வரலாம்.