கவனயீர்ப்புப் போராட்டங்கள் உண்மையில் பயன் தருமா?

கொடும்பாவி எரிப்பதும் வீதியில் தேங்காய் உடைப்பதும் ஒரு கோரிக்கைக்கோ சமயத்துக்கோ உண்மையில் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்கிற செயலே கோரிக்கையாகவும் இருந்தால் உதவும் என்பதே இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் நான் கண்டது.

பூநகரியைச் சேர்ந்த இரணைதீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்தவர்கள். கடற்படை நிலைகொண்டிருந்த தங்கள் தீவுக்குத் திரும்ப அனுமதி கேட்டு, 2017 மே முதல் ஏறத்தாழ ஓராண்டு எதிர்க்கரையிலுள்ள இரணைமாதாநகரில் போராட்டத்தில் அமர்ந்திருந்தும் பதில் கிடைக்காததால், 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் சென்று தாங்களாகவே கரையிறங்கி, சிதைந்து கிடந்த தேவாலயத்தில் கூடிச் செபித்தார்கள். அடுத்த மாதமே அரசு இணங்கியது. அந்தச் செபம் எவருக்கும் காட்டுவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஆகவேதான் அது அவர்களுடைய விசுவாசத்துக்கும் பெருமை சேர்த்தது. பிற சமயத்தவரைச் சீண்டுவதற்காக நடத்தப்படும் ஊர்வலங்கள் அப்படிச் சேர்த்ததை நான் கண்டதில்லை.

ஆனால் கிளிநொச்சி கந்தசுவாமி ஆலயத்தருகே, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தை எண்ணினால் மனம் கனக்கிறது. கற்பூரம் கொளுத்திக் கதறும் நாளில் கமராக்கள் வருகின்றன, மறுநாள் கொட்டிலில் தாய்மார் மட்டுமே இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நிலமல்ல, பதில். அதைப் படகேறிப் போய் எடுத்துவர முடியாது. பொலித்தீன் உறைக்குள் ஈரம் புகுந்து மங்கிப்போன படத்தை ஒரு தாய் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் எங்களிடம் நீட்டுகிறார்.