ஓதம் ஏறிய சுவருக்கு எந்த வண்ணம்?

கேள்வி: எங்கள் வீடு 1930-களில் என் தாத்தா கட்டியது. ஒன்றரை அடிக் கனமுள்ள செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு. காலங்காலமாக வெள்ளையடித்து வந்த கூடத்துச் சுவர்களுக்குச் சென்ற ஆனி மாதம் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கை எமல்ஷன் பூசினோம். கார்த்திகைக்குள் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை வண்ணம் கொப்பளித்து, உள்ளே உப்புப் பூத்துவிட்டது. சுரண்டிவிட்டு, ஓதம் தடுக்கும் பூச்சு ஒன்று அடித்து, அதன்மேல் மறுபடி வண்ணம் பூசலாம் என்கிறார் பெயின்டர். அப்படிச் செய்யலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். அந்தக் காலத்து வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, மண்ணின் ஈரம் செங்கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்துளைகள் வழியே மேலேறிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் சுண்ணாம்புப் பூச்சும் அதன்மேல் அடித்த வெள்ளையும் அந்த ஈரத்தை அவ்வப்போது ஆவியாக வெளியே விட்டுவிட்டதால், உங்கள் தாத்தா காலத்தில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. வெள்ளைச் சிமென்ட் கலந்த பட்டியும் பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷனும் சேர்ந்து அந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிட்டன. வெளியேற முடியாத நீர் தன்னோடு கொண்டுவந்த உப்பை வண்ணப் படலத்துக்குப் பின்னாலேயே விட்டுவிடுகிறது. அந்த உப்பு படிகமாக வளரும்போதுதான் படலத்தைத் தள்ளிக் கொப்பளிக்கச் செய்கிறது. இதற்கு மேலும் ஒரு தடுப்புப் பூச்சை அடித்தால் ஈரம் மறைந்துவிடாது. வெளியேற இடம் தேடி இன்னும் உயரே ஏறும், அல்லது சுவரின் மறுபக்கத்து அறையில் தலைகாட்டும்.

ஆகவே வண்ணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நம் ஊர்ப் பழைய தெருக்களில் நான் முதலில் பார்ப்பது சாலை மட்டத்தைத்தான். பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டதில் தெரு உயர்ந்து, வீட்டின் தரை தாழ்ந்து கிடக்கும். மழைநீர் சுவரோரமாகவே தேங்கும். வீட்டைச் சுற்றிச் சிமென்ட் தளம் போட்டிருந்தால், மண்ணிலிருந்து நேராக ஆவியாக வேண்டிய ஈரமும் சுவர் வழியாகவே ஏறப் பார்க்கும். சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கேனும் அந்தத் தளத்தை உடைத்தெடுத்து, நீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுங்கள். கூரையிலிருந்து இறங்கும் குழாய், குளியலறைச் சுவர், முற்றத்தின் தூம்பு ஆகியவற்றில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, கொப்பளித்த பகுதியில் மட்டுமல்லாமல் அதற்கு மேலும் ஓரடி வரை எமல்ஷனையும் பட்டியையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. அது கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த தூரிகையால் தட்டி, அள்ளி, வெளியே கொட்டுங்கள். இவ்வளவு கனமான சுவர் உலர வாரங்கள் போதாது, மாதங்கள் ஆகும். கதவு சன்னல்களைத் திறந்து வைத்து ஒரு கோடையை முழுதாக அதற்குக் கொடுங்கள். பொறுமையாக இருப்பது கடினம் என்று எனக்குத் தெரியும்; ஆனால் அவசரப்பட்டவர்கள் இரண்டு முறை செலவு செய்ததையே நான் கண்டிருக்கிறேன்.

காரை பெயர்ந்த இடங்களைச் சிமென்டால் ஒட்டுப்போட வேண்டாம். சிமென்ட் பட்டை போட்ட இடத்துக்குச் சற்று மேலே அடுத்த ஆண்டு ஓதம் தெரியும். நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு என்று கலந்து பூசச் சொல்லுங்கள். உப்பு நீர் வரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தவிர்க்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் பூச்சில் சேர்த்த கடுக்காய், வெல்லம், முட்டை வெண்கரு எல்லாம் பலரின் ஆசையைத் தூண்டுகின்றன. கூடத்துச் சுவரில் ஒட்டுப்போடும் வேலைக்கு அவை தேவையில்லை.

பூச்சு இறுகியபின் பழையபடி கிளிஞ்சல் சுண்ணாம்பால் வெள்ளையடிப்பதே நல்லது. நிறம் வேண்டுமென்றால் மஞ்சள் காவியோ செங்காவியோ சேர்க்கலாம். மண் நிறங்களைச் சுண்ணாம்பின் காரம் கெடுக்காது. வெள்ளை அடிக்கும்போது சுவர் சற்று ஈரமாக இருப்பதே சிறப்பு என்பதையும் கவனியுங்கள். மழைக்காலம் முடிந்து, சுவரில் இன்னும் ஈரம் மிச்சமிருக்கும் மார்கழியில், பொங்கலுக்கு முன்பாக நம் முன்னோர் வெள்ளையடித்தது சுவருக்கும் பொருந்திய வழக்கம்தான்.

கேள்வி: வெள்ளையடித்த சுவரில் சாய்ந்தால் சட்டையெல்லாம் வெள்ளையாகிறது. அதனாலேயே வீட்டில் எல்லோரும் எமல்ஷன் கேட்கிறார்கள். இதற்கு வழி உண்டா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: உண்டு. சுண்ணாம்பு வெறுமனே காய்ந்தால் போதாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்துக் கல்லாக மாற வேண்டும், அதற்கு ஈரமும் சில நாள் அவகாசமும் தேவை. காய்ந்த சுவரில் கெட்டியாக ஒரே கையில் அடித்தால் அது மாறுவதற்குள் உலர்ந்து, மாவாக உதிரும். சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, பால்போல நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, ஒவ்வொரு கைக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று கை அடியுங்கள். சிறிது சோற்றுக் கஞ்சியோ வஜ்ஜிரப் பசையோ சேர்ப்பது பிடிப்புக்கு உதவும். சுண்ணாம்பைக் கலக்கும்போதும் தலைக்கு மேலே அடிக்கும்போதும் கண்ணாடி அணிவது கட்டாயம். ஒரு துளி கண்ணில் விழுந்தாலும் பெரிய ஆபத்து.

கேள்வி: சமையலறையில் பல ஆண்டுகளுக்கு முன் அடித்த பச்சை எண்ணெய் வண்ணம் இருக்கிறது. அதன்மேலேயே சுண்ணாம்பு அடிக்கலாமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: பிடிக்காது, உரிந்துவிடும். எண்ணெய் வண்ணத்தை முழுதாக எடுத்த பிறகே அடிக்க முடியும். ஆனால் உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம். வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எண்ணெய் வண்ணத்தில் ஈயம் மிகுதியாக இருந்திருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளுக்குக் கெடுதல். நனைத்து நனைத்துச் சுரண்டி, சுரண்டியதை ஈரத்தோடு கட்டி அப்புறப்படுத்துங்கள். வேலை முடியும்வரை சிறு குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விட வேண்டாம்.