வீட்டுக்குள் சிறுநீர் தெளிக்கும் பூனை: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன. வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை, அதுவரை மலமும் சிறுநீரும் கழிக்க வைத்த டிரேயை ஒழுங்காகப் பயன்படுத்திய பூனை, திடீரென்று கதவிலும் திரைச்சீலையிலும் படுக்கையிலும் சிறுநீர் விடத் தொடங்கியிருக்கிறது. காரணம் வீட்டுக்கு வீடு வேறுபடும். அதைக் கண்டுபிடிக்கும் வழி மட்டும் ஒன்றுதான். எந்த இடத்தில், எவ்வளவு, நின்றுகொண்டா உட்கார்ந்தா, எப்போதிலிருந்து என்பதைக் கவனித்துக் குறித்துக்கொண்டு வருபவர்களுக்கு என்னால் பாதி பதிலை அங்கேயே சொல்லிவிட முடிகிறது. கடிதங்கள் வந்த வரிசையை மாற்றி, காத்திருக்கக் கூடாத ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் 3 வயது கடுவன் நேற்றிலிருந்து டிரேக்கும் குளியலறைக்கும் மாறி மாறிப் போய் உட்காருகிறது. சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. ஒரு மாதிரி அடிவயிற்றிலிருந்து கத்துகிறது. சிறுநீரால் தன் எல்லையைக் குறிக்கிறதா? – வாசகர், பெரம்பூர்

இவருக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இது எல்லை குறிப்பது அல்ல, அவசர நோய். ஆண் பூனையின் சிறுநீர்த் தாரை மிகவும் குறுகலானது. சிறு படிகங்களும் சளி போன்ற கசடும் சேர்ந்து அதை முழுவதுமாக அடைத்துவிடும். அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்பட்டு, இரண்டு மூன்று நாட்களுக்குள் பூனை இறந்துவிடக் கூடும். மீண்டும் மீண்டும் முக்குவது, சிறுநீர்த் துவாரத்தை விடாமல் நக்குவது, சாப்பிடாமல் ஒடுங்கிக் கிடப்பது, வாந்தி எடுப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்காமல் அந்த நேரத்தில் திறந்திருக்கும் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

பலர் இதை மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் அடைப்பு முற்றிவிடுகிறது. வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டாம். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

எங்கள் பூனைக்கு 5 வயது, ஆண். குட்டியாக இருக்கும்போதே கருத்தடை செய்துவிட்டோம். தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வாசல் கதவின் உள்பக்கத்திலும், ஹால் ஜன்னல் திரையிலும், செருப்பு ஸ்டாண்டிலும் தெளிக்கிறது. டிரேயையும் வழக்கம்போலப் பயன்படுத்துகிறது. இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை இரண்டிலும் கோளாறு இல்லை. – வாசகி, நங்கநல்லூர்

நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடை இருக்கிறது. பூனை உண்மையாகவே எல்லை குறிக்கும்போது உட்காராது. சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, அதன் நுனி நடுங்க, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு, கொஞ்சமே கொஞ்சம் சிறுநீரைப் பின்புறமாகப் பீய்ச்சும். அதனால் கறை சுவரில் ஒரு சாணுக்குச் சற்று மேலே தொடங்கிக் கீழே கோடாக வழிந்திருக்கும். மூத்திரப்பையைக் காலிசெய்வதற்கு அதே பூனை டிரேக்குத்தான் போகும். உங்கள் வீட்டில் நடப்பது இதுவே.

அடுத்து இடங்களைப் பாருங்கள். வாசல் கதவு, ஜன்னல், செருப்பு ஆகிய மூன்றும் வெளியுலகம் உங்கள் வீட்டுக்குள் நுழையும் வழிகள். மழைக்காலத்தில் தெருப் பூனைகள் மாடிப்படியின் அடியிலும், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலும், கார் நிறுத்துமிடத்திலும் ஒதுங்குகின்றன. அவற்றில் கருத்தடை செய்யாத ஒரு கடுவன் உங்கள் கிரில் கேட்டின் மேல் ஒருமுறை தெளித்திருந்தால் போதும். பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற ஒரு அமினோ அமிலம் உண்டு. அது சிதையும்போதுதான் அந்தக் காட்டமான கந்தக வாடை எழுகிறது. கருத்தடை செய்யாத ஆணிடம் அது மிக அதிகம். மனிதர் மூக்குக்கு எட்டாத அளவில் அது கதவிடுக்கு வழியே உள்ளே வந்தாலும், உங்கள் பூனைக்கு வேறொரு ஆண் தன் வாசலில் வந்து நிற்கிறது என்று தெரிந்துவிடும். கருத்தடை செய்த ஆண்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்று இப்படித் தெளிப்பதுண்டு. அறுவை சரியாக நடக்கவில்லையோ என்று நீங்கள் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இரவிலும் விடியற்காலையிலும் வாசல் பக்கம் எந்தப் பூனை வருகிறது என்று சில நாட்கள் பாருங்கள். கேமரா இருந்தால் பதிவைப் பார்த்தாலே போதும். பிறகு கதவின் வெளிப்பக்கம், கிரில், படி ஆகியவற்றை நன்றாகக் கழுவுங்கள். உள்ளே மட்டும் துடைத்துவிட்டு வெளியே இருக்கும் கறையை விட்டுவிடுவதுதான் நான் அதிகம் காணும் குறை. ஜன்னலின் கீழ்ப்பாதிக் கண்ணாடியில் மங்கல் ஃபிலிம் ஒட்டி, வெளிப்பூனை கண்ணில் படாமல் செய்யுங்கள். செருப்புகளைக் கதவு வைத்த அலமாரிக்குள் வையுங்கள். தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கும் நல்ல பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை நிறுத்த வேண்டாம். வாசற்படியில் வைப்பதற்குப் பதிலாகக் காம்பவுண்டின் தொலைவான மூலைக்கு மாற்றுங்கள். அந்தக் கடுவனுக்கு ஒரு விலங்கு நல அமைப்பின் மூலம் கருத்தடை செய்ய முடிந்தால், உங்கள் வீட்டுக்கு மட்டுமின்றித் தெருவுக்கே நிம்மதி.

ஓர் எச்சரிக்கை: ஜன்னலில் வெளிப்பூனையைப் பார்த்து மயிர் சிலிர்த்து நிற்கும் வேளையில் உங்கள் பூனையைத் தொட்டுத் தூக்காதீர்கள். அந்தக் கோபம் அப்படியே உங்கள் கையின் மேல் பாயும்.

பூஜையறையில் விரித்திருக்கும் பாயில் எங்கள் பூனை வாரத்தில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்கிறது. தினமும் பினாயில் போட்டுக் கழுவுகிறேன், மூலையில் பாச்சை உருண்டையும் வைத்துவிட்டேன். டிரே வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் மனம் நொந்திருக்கிறோம். – வாசகி, மயிலாப்பூர்

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்த இடத்தின் தூய்மை உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். முதலில் பினாயிலையும் பாச்சை உருண்டையையும் இன்றே அப்புறப்படுத்துங்கள். பினாயிலிலும் டெட்டால் போன்ற கிருமிநாசினிகளிலும் இருக்கும் ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே அது உடலுக்குள் போய்விடும். பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலினும், கற்பூரமும் பூனைக்கு நஞ்சு. கற்பூர டப்பாவையும் அதற்கு எட்டாமல் மூடி வையுங்கள். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின் மேல் கொட்டினால் கிளம்பும் வாயு உங்கள் நுரையீரலுக்கே ஆகாது.

இவற்றால் கறையும் போவதில்லை. சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. அது பாயின் இழைகளுக்குள் தங்கிவிட்டு, சென்னையின் புழுக்கத்தில் காற்று ஈரமாகும்போதெல்லாம் மறுபடி மணக்கும். பழைய துணியால் ஒற்றியெடுத்து, வெதுவெதுப்பான நீரில் நொதி (என்சைம்) கலந்த சலவைத்தூளைக் கரைத்து ஊற்றி, சற்று நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். செல்லப் பிராணிக் கடைகளில் நொதித் திரவமாகவே கிடைக்கிறது. அதில் எழுதியிருக்கும் நேரம்வரை ஈரமாக விட்டுவிட வேண்டும், உடனே துடைத்தெடுத்தால் பயனில்லை. கோரைப்பாய் மிகவும் ஊறியிருந்தால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இனிக் காரணம். பாயில், தேங்கும் அளவுக்கு, உட்கார்ந்து கழிக்கிறது என்றால் அது எல்லை குறிப்பது அல்ல. டிரே அதற்குப் பிடிக்கவில்லை அல்லது உடம்புக்கு ஏதோ செய்கிறது. சிறுநீர்ப் பரிசோதனையை முதலில் முடியுங்கள். டிரே வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பூனை உள்ளே உட்கார்ந்திருக்கும்போது மெஷின் சுழலத் தொடங்கி அது ஒருமுறை திடுக்கிட்டிருந்தால்கூட, அந்த இடத்தையே தவிர்த்துவிடும். வீட்டிலேயே அமைதியான, ஆள் நடமாட்டம் குறைந்த, குளிர்ந்த இடம் பூஜையறை, அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. டிரேயை வேறொரு அமைதியான மூலைக்கு மாற்றி, வாசனை சேர்க்காத நைசான லிட்டரை (டிரேயில் நிரப்பும் மணலை) மூன்று நான்கு விரல் ஆழத்துக்குப் போட்டு, தினமும் கட்டிகளை அள்ளிவிடுங்கள். டிரேயின் நீளம் பூனையின் உடலைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும்; கடைகளில் விற்பவை பெரும்பாலும் போதாது, விளிம்பு தாழ்ந்த பெரிய பிளாஸ்டிக் தொட்டி நல்லது. சில வாரங்களுக்குப் பூஜையறைக் கதவை மூடியே வையுங்கள்.

8 மாதப் பெட்டை. கத்திக்கொண்டே சுவரில் தெளிக்கிறது. பெண் பூனையும் இப்படிச் செய்யுமா? – வாசகர், அண்ணா நகர்

செய்யும். பருவத்துக்கு வந்திருக்கிறது. பகல் வெளிச்சம் நீண்டிருக்கும் காலத்தில்தான் பூனைகள் பருவமடையும். நம் ஊரில் குளிர்காலத்திலும் பகல் பெரிதாகக் குறைவதில்லை என்பதால், கருவுறாத பெட்டை ஆண்டின் பெரும்பகுதி சில வாரங்களுக்கு ஒருமுறை இதே நிலைக்கு வந்துகொண்டிருக்கும். கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். ஒருமுறை குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று சொல்வதில் உண்மை இல்லை.

ஒரு பூனை இருந்த வீட்டில் இன்னொன்றைக் கொண்டுவந்தோம். இப்போது சோபாவின் பின்பக்கத்திலும் மிக்ஸியின் மேலும் யாரோ தெளிக்கிறார்கள். இரண்டும் சண்டை போடுவதே இல்லை. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், வேளச்சேரி

சண்டை இல்லை என்பதால் சமாதானம் என்று பொருள் இல்லை. ஒன்று நடைவழியில் நீட்டிப் படுத்துக்கொண்டு மற்றதை வெறித்துப் பார்க்கும்; பார்க்கப்படும் பூனை சாப்பாட்டுக்கோ டிரேக்கோ போகாமல் திரும்பிவிடும். சத்தமே இல்லாமல் நடக்கும் இந்த மறியலை வீட்டிலிருப்பவர்கள் கவனிப்பதில்லை. மிக்ஸி போலச் சூடாகும் பொருள்களிலும், புதிதாக வந்த பைகளிலும் தெளிப்பது எல்லை குறிக்கும் பூனையின் வழக்கமே.

குற்றவாளியைத் தேடுவதைவிட நெருக்கடியைக் குறைப்பது முக்கியம். இரண்டு பூனைகளுக்கு மூன்று டிரே வேண்டும். மூன்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே டிரேதான். சாப்பாட்டுத் தட்டும் தண்ணீரும் ஒன்றையொன்று பார்க்க முடியாத இடங்களில் இருக்கட்டும். சிறிய வீடு என்றால் உயரத்தைப் பயன்படுத்துங்கள். பரணுக்கு ஏறிப்போக இரண்டு மூன்று பலகைகளைச் சுவரில் பொருத்தினாலே இடம் இரட்டிப்பாகும். நிலைமை மோசமானால் புதிய பூனையை ஓர் அறையில் தனியாக வைத்து, துணியில் வாசனையை மாற்றிக் கொடுத்து, கதவிடுக்கு வழியாகப் பழக்கி, முதலிலிருந்து அறிமுகம் செய்யுங்கள். பூனைகளின் முக வாசனையை ஒத்த பொருளை அறைக் காற்றில் பரப்பும் பெரோமோன் டிஃப்யூசர் என்ற சிறு கருவி சில வீடுகளில் உதவுகிறது. மின்விசிறியும் திறந்த ஜன்னலுமாக இருக்கும் நம் வீடுகளில் அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்.

மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தை வீட்டுக்கு வந்த மறுநாளே தூளித் துணியில் தெளித்துவிட்டது. பூனைக்குக் குழந்தைமேல் பொறாமையா? பூனையால் தொற்று வரும் என்கிறார்களே? – வாசகி, தாம்பரம்

பொறாமையோ பழிவாங்குதலோ பூனையின் மனத்தில் இல்லை. புதிய வாசனை, இரவெல்லாம் அழுகைச் சத்தம், வந்துபோகும் உறவினர், சாம்பிராணிப் புகை, அது வழக்கமாகத் தூங்கும் அறை மூடப்பட்டது ஆகிய எல்லாம் ஒரே நாளில் வந்ததால், தன் வாசனையைப் பூசித் தன்னைத் தேற்றிக்கொள்கிறது. சாப்பாட்டு நேரத்தையும் விளையாட்டு நேரத்தையும் முன்போலவே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் துணிகளை மூடிய அலமாரியில் வையுங்கள். தூளி இருக்கும் அறைக்கு, வீட்டில் பெரியவர் உடனிருந்தால் மட்டும் பூனையை விடுங்கள்.

மருத்துவர்கள் எச்சரிக்கும் டாக்சோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில்தான் வெளிவருகிறது, சிறுநீரில் இல்லை. மலம் கழித்த பிறகு அது தொற்றும் நிலைக்கு வருவதற்கு ஒரு நாளாவது ஆகும் என்பதால், டிரேயைத் தினமும் சுத்தம் செய்தாலே ஆபத்து பெரிதும் குறையும். கர்ப்பிணி வேறு யாராவது வீட்டில் இருந்தால் அந்த வேலையை அவரிடம் விட வேண்டாம்.

மூக்கைத் தேய்த்தோம், அடித்தோம், தண்ணீரும் பீய்ச்சினோம். அதிகமாகத்தான் ஆகிறது. மாமியார் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார். மனநோய்க்கு மாத்திரை இருக்கிறதாமே, அதைக் கொடுக்கலாமா? – வாசகி, அம்பத்தூர்

அடிப்பதை நிறுத்துங்கள். தெளிப்பதற்குக் காரணமே பதற்றம் என்கிறபோது அடி அந்தப் பதற்றத்தைத்தான் கூட்டும். பூனை தெளிப்பதை விடாது, உங்கள் கண்ணில் படாத இடத்தைத் தேடும். வீட்டுக்குள் வளர்ந்த பூனைக்கு மார்க்கெட்டில் இரை தேடவும் தெரியாது, அங்குள்ள பூனைகளிடமிருந்து தப்பவும் தெரியாது. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். இதை மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஃப்ளூஆக்சிடின் என்ற மருந்து எல்லை குறிப்பதைக் கணிசமாகக் குறைக்கிறது என்பது உண்மைதான். நோய் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, கால்நடை மருத்துவர் எடை பார்த்துக் கணக்கிட்ட அளவில் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும். முழுப் பலன் தெரியச் சில வாரங்களாகும். தொடக்கத்தில் பசி குறையலாம். திடீரென்று நிறுத்தக் கூடாது. காரணம் அப்படியே இருக்க, மாத்திரையை மட்டும் நம்பினால், நிறுத்தியதும் பழக்கம் திரும்பிவிடும்.

13 வயதுப் பூனை. கட்டிலுக்கு அடியில் குளம் போலக் கழித்துவிடுகிறது. தண்ணீரும் நிறையக் குடிக்கிறது. வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாமா? – வாசகர், புரசைவாக்கம்

விட்டுவிடாதீர்கள். அதிகமாகக் குடித்து அதிகமாகக் கழிக்கும் வயதான பூனைக்குச் சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, தைராய்டு மிகுதி ஆகியவற்றில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம்; மூன்றையும் பெரும்பாலும் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளிலேயே கண்டுபிடித்துவிடலாம். உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டால் சிறுநீர் குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உடம்பு இழக்கும் நீரை ஈடுகட்டத்தான் அது குடிக்கிறது. மூட்டுவலி இருந்தால் உயர்ந்த விளிம்பைத் தாண்டி டிரேக்குள் ஏறவே அது தயங்கும். ஒரு பக்க விளிம்பின் உயரம் அரையடிக்கும் குறைவாக இருக்கும்படி வெட்டி, வெட்டிய ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, கட்டிலுக்கு அருகிலேயே வைத்துவிடுங்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளில் அது ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.