உப்புக்காற்று ஊரில் 300 சிசி ஸ்போர்ட் பைக்: எதை வாங்கலாம்?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருந்துகொண்டு கவாசாகி நிஞ்சா 300-ஆ, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-ஆ என்று கேட்டிருக்கிறீர்கள். நிஞ்சா 296 சிசி, இரட்டை சிலிண்டர். மதுரை வரை போனாலும் அதிர்வு குறைவு. ஆர்ஆர் 312.2 சிசி, ஒற்றை சிலிண்டர். ஓசூர்த் தயாரிப்பு, சர்வீஸ் எளிது. என் ஓட்டு இதற்கே.

ஆனால் உங்கள் பக்கம் இன்ஜினைவிட உப்புதான் பெரிய தலைவலி. பழைய வண்டி என்றால் முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக்) குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். துருப்புள்ளி தட்டுப்பட்டால் அது ஆயில் சீலை அறுத்து எண்ணெய் கசிய வைக்கும். ரேடியேட்டர் தகடு வெளுத்துப் பொடிந்திருந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

வாங்கியபின் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி (கடலோர போர் தண்ணீரும் உப்புதான்!), ஈரம் காய்ந்ததும் செயினுக்கு லூப் (மசகு) அடியுங்கள். பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று, ஃபேரிங் (உடலை மூடும் உறை) உள்ள வண்டியைத் தள்ளும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் முழங்காலால் டேங்கை அணைத்து, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள்.