680 வெள்ளி சாக்கெட் போட்டால் பாட்டு இனிக்குமா?

கேள்வி: அண்ணே, கோலாலம்பூர் செந்தூலில் பழைய டெரஸ் வீடு, வயரிங் எல்லாம் அப்பா காலத்தது. போன மாதம்தான் ஆசைப்பட்டு ஒரு நல்ல ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கினேன். கடைக்காரர், "இவ்வளவு செலவு பண்ணிட்டு சுவத்துல பத்து வெள்ளி சாக்கெட்டா?" என்று கேட்டுவிட்டு, ரோடியம் முலாம் பூசி, திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்தது என்று ஒரு 13 ஆம்பியர் சாக்கெட்டைக் காட்டுகிறார். விலை 680 வெள்ளி (ரிங்கிட்). பேஸ் (கனத்த அடிச் சத்தம்) இறுகும், பின்னணி அமைதியாகும் என்கிறார். என் ஸ்பீக்கரில் வேறு மெலிதாக 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. சாக்கெட்டையே மாற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை, அது வேறு கதை, அதற்கு வருகிறேன்.

டிபி பாக்ஸிலிருந்து, அதாவது வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியிலிருந்து, உங்கள் ஹாலுக்கு 12 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். பிளக் பாயின்ட்டுக்கு வழக்கமாக இழுப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். போக வர 24 மீட்டருக்கு அதன் மின்தடை மட்டுமே சுமார் 180 மில்லி ஓம் வரும். பிளக்கை நன்றாகப் பிடிக்கும் சாதாரண சாக்கெட்டில் இருப்பது சில மில்லி ஓம். 680 வெள்ளி கொடுத்து அந்தச் சில மில்லி ஓமில் பாதியைக் குறைத்தாலும், சுவருக்குள் இருக்கும் 180 அப்படியேதான் இருக்கும். மின்சார நிறுவனமான டிஎன்பி தரும் 230 வோல்ட்டும் 216இலிருந்து 253 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், விதியே அப்படித்தான். ஆம்ப்ளிஃபையர் செய்கிறவர்களுக்கும் இது தெரியும், அதனால்தான் வரும் கரண்டை டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கி, டையோடில் டிசியாக்கி, பெரிய கெப்பாசிட்டரில் தேக்கி வைத்து, அப்புறம்தான் பாட்டுக்குக் கொடுக்கிறார்கள்.

ரோடியம் விஷயம் இன்னும் வேடிக்கை. அது கெட்டியான உலோகம், தேயாது, கறுக்காது, அதெல்லாம் உண்மை. ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் அது செம்பைவிட மட்டம், அதன் மின்தடை செம்பைப்போல் இரண்டரை மடங்கு. முலாம் மெல்லியது என்பதால் கெடுதல் ஒன்றுமில்லை, அதே காரணத்தால் பேஸும் இறுகாது.

நானும் ஒரு காலத்தில் இப்படி ஒன்றை வாங்கிப் பழைய சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டி, முதல் வாரம் முழுக்க ஆகா ஓகோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகன்தான், "அப்பா திரும்பி உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, பிளக்கை அதிலும் இதிலும் பத்து தடவை மாற்றி மாற்றிச் செருகி, ஒவ்வொரு தடவையும் எது என்று கேட்டான். ஆறு சரி, நாலு தப்பு. காசைச் சுண்டிப் போட்டுப் பதில் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

இப்போது உங்கள் சாக்கெட். அப்பா காலத்து வயரிங் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கவலை. பிளக் லேசாக ஆடுகிறதா, இழுத்தால் சிரமமே இல்லாமல் கையோடு வந்துவிடுகிறதா, துளைகளைச் சுற்றிப் பழுப்பு நிறம் தெரிகிறதா, ஒரு மணி நேரம் ஓடியபின் பிளக் சுடுகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நம் வீடுகளில் சாக்கெட் கெடுவதற்குப் பெரிய காரணம், இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக மேல் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ விட்டு அமுக்குவது. (யார் வீட்டில் நடக்கவில்லை?) உள்ளே இருக்கும் மூடி உடைந்துபோகும், அந்த மெல்லிய முள்ளைச் சாக்கெட் ஒழுங்காகப் பிடிக்கவும் பிடிக்காது. தளர்ந்த பிடியில்தான் சூடும் தீப்பொறியும். சிரிம் தரச் சான்று முத்திரை உள்ள, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 13 ஆம்பியர் ஒற்றைச் சாக்கெட் 30 வெள்ளிக்குள் கிடைக்கும். மாட்டுவதற்கு லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள், வந்த கையோடு எர்த்தையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள், பழைய வீட்டில் எர்த் வயர் கழன்று கிடப்பது அதிசயமில்லை.

அந்த 'ம்ம்ம்' எங்கிருந்து வருகிறது? ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளிருந்து வந்தால் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்கிறது, தூரத்தில் உட்கார்ந்தால் கேட்காது என்றால் விட்டுவிடுங்கள். ஸ்பீக்கரிலிருந்து வந்தால் பெரும்பாலும் எர்த் லூப், அதாவது ஆம்ப்ளிஃபையர் ஒரு வழியிலும் டிவி, ஆஸ்ட்ரோ பெட்டி, கூரைமேல் இருக்கும் டிஷ் எல்லாம் இன்னொரு வழியிலும் எர்த்தோடு சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுவது. எல்லாவற்றையும் அணைத்து, டிஷ்ஷிலிருந்து வரும் வயரை மட்டும் கழற்றிவிட்டு, மற்றதையெல்லாம் மறுபடி ஆன் பண்ணிக் கேளுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஆப்டிகல் கேபிள் போட்டால் தீர்ந்தது, அதில் ஓடுவது வெளிச்சம், கரண்ட் இல்லை. யாராவது "பிளக்ல எர்த் வயரை வெட்டிவிடு, சத்தம் நின்னுடும்" என்று யோசனை சொல்வார்கள். நிற்கும்தான், ஆனால் பெட்டியில் கரண்ட் கசிந்தால் அதைத் தொடுகிற ஆளும் நிற்க மாட்டார்.

680 வெள்ளியைச் செலவு பண்ணியே ஆகவேண்டும் என்றால், டிபி பாக்ஸிலிருந்து ஹாலுக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன் இழுக்க என்ன ஆகும் என்று வயர்மேனிடம் கேளுங்கள். தனி எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), ஏர்கோனும் ஃபிரிட்ஜும் சேராத பாதை. ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்டுக்கொண்டிருந்தால் அதற்கு இது உதவலாம். பாட்டு இனிக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: ஐயா, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். 'ஹாஸ்பிட்டல் கிரேட்' அமெரிக்கச் சாக்கெட் ஒன்றை இணையக் கடையில் வாங்கினேன், நம் ஊருக்கு ஏற்றது என்று எழுதியிருந்தார்கள். வயர்மேன் மாட்ட மறுக்கிறார். கடைக்காரரோ பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்.

பதில்: வயர்மேனுக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள். அந்தச் சாக்கெட்டின் முகத்திலேயே 125V என்று இருக்கும், நம் லைன் 230. அதோடு நம் 13 ஆம்பியர் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது, அமெரிக்கப் பிளக்கில் அது கிடையாது. சாதனத்தின் மெல்லிய வயரில் கோளாறு வந்தால் காப்பாற்ற டிபி பாக்ஸில் 20 அல்லது 32 ஆம்பியர் எம்.சி.பி. மட்டும்தான் இருக்கும். ஹாஸ்பிட்டல் கிரேட் என்றால் இழுத்தாலும் இடித்தாலும் தாங்கும், பிளக்கை இறுக்கிப் பிடிக்கும் என்பதுதான். சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பணம் திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது. பிளக், சாக்கெட் எல்லாம் எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் இங்கே விற்கக்கூடாத பொருள்கள். விற்றவர் உள்ளூர்க்காரர் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. விளம்பரப் பக்கத்தை அவர் மாற்றுவதற்குள் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மின்னல் அடித்தால் விலை உயர்ந்த சாக்கெட் காப்பாற்றுமா?

பதில்: காப்பாற்றாது. டிபி பாக்ஸில் சர்ஜ் புரொடெக்டர் (திடீரென எகிறும் வோல்ட்டைத் தடுக்கும் கருவி) போட்டால் ஓரளவு தாங்கும். ஆனால் கோலாலம்பூரில் மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுவதுதான் நிச்சயம். டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள், பாதிப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள்.