பிலிப்பைன்ஸ் கல்லூரிக் கூடைப்பந்தில் உங்களுக்கு மிகவும் பிடித்த வீரர் யார், ஏன்?

தர்டி ரவேனா. யோசிக்காமல் சொல்வேன்.

வேலைக்காக மணிலாவில் இருந்தபோதுதான் அவருடைய ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினேன். அந்த ஊரில் தெருவுக்குத் தெரு ஒரு கூடைப்பந்து வளையம் உண்டு. பையன்கள் ரப்பர் செருப்போடு ஆடுவார்கள். வண்டி வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். எட்டுப் பல்கலைக்கழகங்கள் மோதும் யு.ஏ.ஏ.பி போட்டி வந்துவிட்டால் பேச்செல்லாம் அதுதான்.

தர்டியின் இயற்பெயர் ஃபெர்டினாண்ட் ரவேனா. அந்தப் பெயரில் மூன்றாமவர், ஆங்கிலத்தில் 'தர்ட்', என்பதால் தர்டி. அப்பா தொழில்முறைக் கூடைப்பந்து வீரர், அம்மா வாலிபால் வீராங்கனை. அண்ணன் கீஃபர், அட்டெனியோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம்; சீசனின் சிறந்த வீரர் விருதை இரண்டு முறை வாங்கியவர். 2014-ல் தம்பியும் அதே அணிக்கு வந்தார். எங்கே போனாலும் 'கீஃபரின் தம்பி' என்ற பேச்சுதான்.

அடுத்த வருடம் அதைவிடப் பெரிய அடி. படிப்பில் தேவையான மதிப்பெண் வராததால் 2015 சீசன் முழுவதும் அவரால் களமிறங்க முடியவில்லை. அண்ணனுக்கு அதுதான் கடைசி சீசன். நாடே பார்க்கும் போட்டியில் ஆடுகிறவன் மதிப்பெண் குறைந்து வெளியே உட்கார்ந்தால் அந்தச் செய்தி எல்லார் வாயிலும் விழும். பத்தொன்பது வயதுகூட நிரம்பாத பையன் அதைத் தாங்கிக்கொண்டு படித்துத் திரும்பி வந்தான் பாருங்கள், எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

2016-ல் திரும்பினார். பயிற்சியாளர் டேப் பால்ட்வினுக்கு அது முதல் வருடம். இறுதிச் சுற்றில் டி லா சால் பல்கலைக்கழகத்திடம் தோற்றார்கள். 2017-ல் அதே டி லா சாலை இறுதிச் சுற்றின் மூன்றாவதும் கடைசியுமான ஆட்டத்தில் 88-86 என்று வென்றார்கள். இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் தர்டி.

2018-ஐ மறக்கவே முடியாது. எதிரணி பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம், அதாவது யு.பி. 32 வருடம் கழித்து இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தார்கள். நான் இருந்த சாப்பாட்டுக் கடையில் அத்தனை பேரும் யு.பி பக்கம். பரிமாறும் அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே டிவிக்கு முன்னால் நின்றுவிட்டார். தர்டி அன்று 38 புள்ளி எடுத்தார். இரண்டு பேர் மறித்தாலும் நடுவில் புகுந்து எம்பிவிடுவார். கடையில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஆட்டம் முடிந்தபோது 99-81, கோப்பை அட்டெனியோவுக்கு. யு.பி சட்டை போட்டிருந்த ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார்.

2019-ல் அட்டெனியோ ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, 16-க்கு 16. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் அவர் எடுத்தது 32 புள்ளி. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது தொடர்ந்து மூன்றாவது முறையாக அவருக்கே. அண்ணன் இரண்டு முறை வாங்கிய சீசன் விருது மட்டும் தம்பிக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அது ஒரு குறையாக எனக்குத் தோன்றியதே இல்லை. கோப்பையைத் தீர்மானிக்கும் நாளில் யார் கையில் பந்து இருந்தது என்பதுதான் எனக்குக் கணக்கு.

அப்புறம் வழக்கமாக எல்லாரும் உள்ளூர்த் தொழில்முறை லீகான பி.பி.ஏ-வின் டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, பெயர் கொடுப்பார்கள். இவர் கொடுக்கவில்லை. ஜப்பானின் பி லீக், ஆசிய நாட்டு வீரர்களுக்கென்று அணிக்கு ஒரு இடம் ஒதுக்கியது. 2020-ல் சான்-என் நியோஃபீனிக்ஸ் அணியில் அந்த இடத்துக்குப் போன முதல் பிலிப்பினோ இவர்தான். முதல் சீசனிலேயே அவருக்குக் கொரோனா வந்தது, விரல் எலும்பும் முறிந்தது. இருந்தும் அங்கேயே நின்றார். அடுத்த வருடமே பிலிப்பினோ வீரர்கள் வரிசையாக ஜப்பானுக்குக் கிளம்பினார்கள். அவர்களில் கீஃபரும் ஒருவர்.

அட்டெனியோவில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆடக் கிடைத்தது 2014 என்ற ஒரே சீசன். 2021 அக்டோபரில் ஜப்பானில் இருவரும் எதிரெதிர் அணியில் மோதினார்கள். தம்பி முன்னால் போன பாதையில் அண்ணன் வந்து நின்ற ஆட்டம் அது.