கார்டில் விழுந்த முத்திரை

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் ஊர். அம்மாயி (அம்மாவின் அம்மா) பிரசவத்திலேயே இறந்துவிட்டார்; அம்மா ஒரே பெண். அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) மனம் பேதலித்து, 1952இல் அவருடைய தம்பி ஈரோட்டில் ரயிலேற்றிக் கூட்டிப்போய் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தாராம். அப்புறம் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பாகம் பிரியாத பூர்வீகக் காடு (விவசாய நிலம்) எட்டு ஏக்கரும் தம்பி பேரில் பட்டாவாகி, இப்போது அவர் மகன், எனக்கு மாமா முறை, அனுபவிக்கிறார். இரண்டு ஏக்கரை 1974இல் வெளியாருக்குக் கிரயம் செய்துவிட்டார்கள். "பைத்தியத்துக்குப் பங்கில்லை, உங்கம்மாளுக்குச் சீர் செஞ்சாச்சு" என்கிறார் மாமா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தபால் கார்டு ஒன்று அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அப்புச்சி என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பங்கும் கேட்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி மாமா பேசிய பேச்சு. அது கோர்ட்டுக்குத் தேவையில்லை. சீர் செய்தது பங்கு கொடுத்ததாகாது. பட்டா பேர் மாறியதாலேயே சொத்து கைமாறிவிடாது. மனநோய் வந்தவருக்குப் பங்கில்லை என்பதும் தவறு. பிறவியிலேயே புத்தி பேதலித்தவரைத் தவிர மற்றவர்களுக்கு 1928ஆம் ஆண்டுச் சட்டமே அந்தத் தடையை நீக்கிவிட்டது.

உங்கள் வழக்கில் கேள்வி ஒன்றுதான். 1956 ஜூன் 17 அன்று அப்புச்சி உயிரோடு இருந்தாரா?

இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்த நாள் அது. அதற்கு முன் அவர் இறந்திருந்தால், பாகம் பிரியாத அவருடைய பங்கு அப்படியே தம்பிக்குப் போய்விடும், மகளுக்கு ஒன்றுமில்லை. அந்த நாளுக்குப் பிறகு இறந்திருந்தால் அவர் பங்கான பாதி நிலம் உங்கள் அம்மாவுக்கு. (அப்புச்சியின் தாயார் அப்போது இருந்திருந்தால் அவரும் வாரிசு. அதையும் வீட்டில் கேட்டு வையுங்கள்.) ஒரு தேதிக்கு இந்தப் பக்கம் நாலு ஏக்கர், அந்தப் பக்கம் பூஜ்யம்.

இந்த இடத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். "ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கணக்கு" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சரிதான். ஆனால் அந்த அனுமானம் ஆள் இறந்துவிட்டார் என்பதற்கு மட்டும். என்றைக்கு இறந்தார் என்பதற்கு இல்லை. 2004இல் எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தேதியைச் சொல்பவர்தான் தேதியை நிரூபிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்.

உங்களைப் போலவே ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. வரும்போதே பிராது தாக்கலாகியிருந்தது. பெரியவர் 1960 ஆடி மாதம் இறந்தார் என்று எழுதியிருந்தார்கள். எங்கிருந்து வந்தது அந்த ஆடி? 56க்குப் பிறகு ஒரு தேதி வேண்டும் என்று யாரோ சொல்ல, இவர்களே போட்டுக்கொண்டது. எதிர்த்தரப்பு ஆஸ்பத்திரிப் பதிவேட்டைச் சம்மன் போட்டு வரவழைத்தது. அதில் 1955 என்று இருந்தது. வழக்கு அன்றோடு முடிந்தது. முதலில் கொடுக்கிறேன் என்ற ஒரு ஏக்கரும் போனது. இன்னும் சிலர் இரண்டு சாட்சியை வைத்து, சொந்த ஊரிலேயே இறந்ததாக இறப்புச் சான்று வாங்கப் போகிறார்கள். கோர்ட்டில் பொய்ச் சாட்சியம் கொடுத்தால் ஏழு வருஷம் வரை தண்டனை. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன அந்தக் கார்டுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. அதை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தபால் முத்திரையில் தேதி தெரிகிறதா? அப்புச்சி நலமாக இருக்கிறார் என்ற பொருளில் ஒரு வரி இருந்து, முத்திரை 1956 ஜூன் 17க்குப் பிந்தியதாக இருந்தால், இறந்த தேதியே தெரியாவிட்டாலும் வழக்கு நிற்கும். லேமினேஷன் செய்யாதீர்கள். மங்கிய எழுத்தின் மேல் பேனா வைக்காதீர்கள். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஆவணம் உரியவரின் காவலிலிருந்து வந்தால் சட்டத்தில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அதனால் அது அம்மாவின் பெட்டியிலேயே இருக்கட்டும். போட்டோ மட்டும் எடுங்கள். மாமாவிடம் இப்போது காட்ட வேண்டாம்.

அடுத்து ஆஸ்பத்திரிக் கோப்பு. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். நோயாளியின் அந்தரங்கம் என்று மறுத்தால், மேல்முறையீட்டில் பிரிவு 8(3)ஐக் காட்டுங்கள். இருபது வருஷம் தாண்டிய நிகழ்வுக்கு அந்தக் காரணம் செல்லாது. மனுவில் திருப்பூர் மாவட்டம் என்று மட்டும் எழுதினால் பழைய பதிவேட்டில் கிடைக்காது; அன்றைக்கு நீங்கள் கோயம்புத்தூர் ஜில்லா. மெட்ராஸ் மாநிலத்தில் அப்போது கோழிக்கோட்டிலும் அரசு மனநல ஆஸ்பத்திரி இருந்தது, ஈரோட்டிலிருந்து அதுதான் கிட்டவும். கீழ்ப்பாக்கம் என்பது வாய்வழிச் செய்திதானே? கோழிக்கோட்டிலும் கேளுங்கள். மனநோயாளிகளைச் சேர்ப்பது பற்றிய 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி உறவினர் மனுக் கொடுத்துச் சேர்த்திருந்தால், கோப்பில் அவர் கையெழுத்து, இரண்டு டாக்டர் சான்று, மாஜிஸ்திரேட் உத்தரவு இருக்க வேண்டும். அப்புச்சியின் கடைசி நாளைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்கும் பதில் அங்கேதான் கிடைக்கக்கூடும். அது நிலத்தைவிடச் சின்ன விஷயமில்லை. பங்கு வராவிட்டாலும் அந்த மனுவை விடாதீர்கள்.

கோப்பு 1954 என்றோ 55 என்றோ சொன்னால் வழக்கை மறந்துவிடுங்கள். 56 ஜூனைத் தாண்டினால்கூடக் கோர்ட்டுக்கு ஓடாதீர்கள். 1974இல் விற்ற இரண்டு ஏக்கர் வராது. பத்திரம் பதிந்து ஐம்பது வருஷமாக வெளியார் அனுபவத்தில் இருக்கிறது. மிச்சம் ஆறு ஏக்கரிலும், உங்களுக்குப் பங்கில்லை என்று என்றைக்கோ வெளிப்படையாகச் சொல்லிவிட்டோம் என மாமா வாதாடுவார். அது நிரூபணமானால், அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்குள் கேட்டிருக்க வேண்டும் என்ற கணக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும். முன்சீப் கோர்ட்டில் தொடங்கி அப்பீல் முடிவதற்குள் அம்மாவின் வயது என்ன ஆகும் என்று யோசியுங்கள். கார்டின் நகலையும் கோப்பின் நகலையும் வைத்துக்கொண்டு பெரியவர்கள் நாலு பேர் முன்னால் உட்காருங்கள். கிணற்றுப் பங்கும் வண்டித்தடமும் சேர்த்து இரண்டு ஏக்கர் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி வாங்காமல் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். மாமாவுக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்கள் கையெழுத்தும் அதில் வேண்டும்.